மத்தியதரைக் கடலோர மலைகளில் கிராவல் பைக்: ஜிரோனாவா, உப்புப் பாதையா, அல்புஹாராவா?

ஐரோப்பாவில் குடியிருக்கும் நம்மவர்களும், ஊரிலிருந்து ஷெங்கன் விசா எடுத்து ஒரு வாரம் மிதிக்க வர நினைப்பவர்களும் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: கிராவல் பைக் (சரளைப் பாதையிலும் ஓட்டக்கூடிய, அகல டயர் சைக்கிள்) ஓட்டிப் பழக்கம் இருக்கிறது, ஆறேழு நாள் விடுப்பு இருக்கிறது, மத்தியதரைக் கடலை ஒட்டி வண்டி நடமாட்டம் குறைந்த மலைப்பாதையில் ஓட்ட வேண்டும், எங்கே போகலாம்? கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களுக்கு நடுவில் தடுமாறுகிறார்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள ஜிரோனா ஒன்று. இத்தாலி–பிரான்ஸ் எல்லையில் லிகூரிய ஆல்ப்ஸ் முகட்டின் மேலேயே செல்லும் பழைய ராணுவச் சாலையான ‘ஆல்தா வியா தெல் சாலே’ என்ற உப்புப் பாதை இன்னொன்று. தெற்கு ஸ்பெயினில் சியெரா நெவாதாவின் கடல் பார்த்த சரிவான அல்புஹாரா மூன்றாவது.

மூன்றும் நல்ல இடங்கள்தாம். ஆனால் ஜிரோனாவில் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு மிதிக்கும் மாதத்தில் உப்புப் பாதை பனிக்கு அடியில் கிடக்கும். உப்புப் பாதை திறக்கும் மாதத்தில் ஜிரோனாவின் காடுகளைத் தீ அபாயம் கருதி மூடிவைக்கவும் கூடும். ஆகவே, இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் விடுப்பு எந்த மாதத்தில் கிடைக்கிறது, வாரத்தின் எந்தக் கிழமைகளில் மலைமேல் இருக்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

எவற்றை வைத்து ஒப்பிடுவது

தரை முதலில் வரும். கிராவல் என்ற ஒரே பெயருக்குள் இறுகிய பருமணல், உருளும் கற்கள், கூரான சுண்ணாம்புச் சில்லு, மழைக்குப் பின் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் களிமண் எல்லாம் அடங்கிவிடுகின்றன. 40 மில்லிமீட்டர் டயர் ஓரிடத்தில் தாராளமாகப் போதும், வேறோரிடத்தில் அதே டயர் நாள் முழுவதும் மணிக்கட்டை வாட்டி எடுக்கும். ஏற்றத்தின் சாய்வையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் எழுந்து நின்று மிதித்து ஏறிவிடக்கூடிய 15 விழுக்காட்டுச் சாய்வில், சரளையில் எழுந்து நின்றால் பின்சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். உட்கார்ந்தபடியே ஏறுவதற்கு முன்பல்சக்கரத்தைவிடப் பின்பல்சக்கரம் பெரிதாக அமைந்த கியர் தேவை.

அடுத்தது அமைதி. இதை ஓர் இடத்தின் நிரந்தரக் குணமாக எண்ணிக்கொள்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே காட்டுப்பாதை செவ்வாய்க்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரர்களின் வண்டிகள் வரிசையாக நிற்கும். மூன்றாவது, பருவம். நான்காவது, தண்ணீரும் சாப்பாடும், ஏதாவது உடைந்துபோனால் கீழே இறங்கிவிட வழியும். ஐந்தாவது, பயணச் சீட்டிலும் தங்குமிடக் கட்டணத்திலும் தெரியாத செலவுகள்: வண்டியைக் கொண்டுபோவது அல்லது வாடகைக்கு எடுப்பது, பயணத்திலேயே கழியும் நாட்கள், காப்பீடு, தேய்ந்துபோகும் பாகங்கள்.

இந்த ஐந்தில் பருவத்துக்கும் தண்ணீருக்கும் கூடுதல் எடை தருகிறேன். காட்சி அழகை அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று இடங்களிலும் அது தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஜிரோனாவும் கவாரஸ் குன்றுகளும்

பார்சிலோனாவிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் நாற்பது நிமிடத்தில் வந்துவிடலாம். தொழில்முறைச் சைக்கிள் வீரர்கள் பலர் வீடெடுத்துத் தங்கும் ஊர் என்பதால் நல்ல பழுதுபார்ப்புக் கடைகள், வாடகை கிராவல் வண்டிகள், உதிரி பாகங்கள் எல்லாம் நடந்துபோகும் தொலைவில் கிடைக்கின்றன. இந்த வசதிக்கு ஈடான ஊர் மத்தியதரைக் கரையில் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஊரின் தென்கிழக்கு விளிம்பிலேயே கவாரஸ் குன்றுத்தொடர் தொடங்கிவிடுகிறது. அதன் மிக உயர்ந்த முகடுகூட 500 மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் உயரம் குறைவு என்று இலேசாக எண்ணிவிடக் கூடாது. இங்குள்ள பாதைகள் நீளமாக ஏறி நீளமாக இறங்குபவை அல்ல. ஓடைக்குள் சரிந்து, மறுகரையில் செங்குத்தாக எழுந்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மறுபடியும் சரிபவை. 60 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம் சேர்ந்துவிடும். பாதையின் இருபுறமும் தக்கை ஓக் மரங்கள் நிற்கின்றன. அண்மையில் பட்டை உரித்த மரமாக இருந்தால் அடிமரம் செங்காவி நிறத்தில் வழவழப்பாகவும், உரிக்காத மேற்பகுதி சாம்பல் நிறத்தில் வெடித்துத் தடித்தும் இருக்கும். ஒருமுறை உரித்த மரத்தை மீண்டும் உரிக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் காத்திருப்பார்கள். தக்கையையும் விறகையும் கரியையும் கீழே இறக்கிய பழைய வண்டித்தடங்களில்தான் இன்று நாம் மிதித்துச் செல்கிறோம். குன்றின் மேல் எல்ஸ் ஆன்ஜல்ஸ் என்ற மாதா கோயில் இருக்கிறது. ஓவியர் சால்வதோர் தாலியும் அவர் துணைவி காலாவும் 1958இல் தேவாலய முறைப்படி மணம் செய்துகொண்டது இங்கேதான்.

மிதிக்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறுபடும் குழுவுக்கு ஜிரோனாவில் இன்னொரு வசதி உண்டு. 1969இல் மூடப்பட்ட இரண்டு குறுகிய இருப்புப்பாதைகளின் தடங்களை இப்போது சைக்கிளுக்கும் நடைக்கும் உரிய பசுமைவழிகளாக மாற்றியிருக்கிறார்கள். ஒன்று தென்கிழக்கே சான் ஃபெலியு தெ கிஷோல்ஸ் கடற்கரை வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போகிறது. மற்றொன்று மேற்கே, அணைந்த எரிமலைகள் சூழ்ந்த ஓலோத் ஊர் வரை 55 கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. ரயில் ஏறிய பாதை என்பதால் சாய்வு மென்மையானது. முதல்நாள் காட்டில் களைத்த கால்களுக்கு மறுநாள் இதில் ஓய்வு கொடுக்கலாம். குழந்தைகளும் முதியவர்களும் நடக்கும் இடம் என்பதால் வேகம் காட்டக் கூடாது.

அமைதி என்று பார்த்தால் ஜிரோனாவின் நாட்காட்டியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். ஏப்ரல் இறுதி, மே தொடக்கத்தில் ‘த்ராக்கா’ என்ற பெரிய கிராவல் போட்டி நடக்கிறது. அதன் நீண்ட பிரிவுகளில் ஒன்று 360 கிலோமீட்டர் கொண்டது. அந்த வாரத்தில் அறை வாடகை ஏறும், வாடகை வண்டி கிடைக்காது, காட்டுப்பாதையில் பயிற்சிக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். போட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் தவிர, அந்த வாரம் போவதில் பொருள் இல்லை. இலையுதிர் காலத்து வார இறுதிகளில் காளான் பறிக்க வருபவர்களின் கார்களும், காட்டுப்பன்றி வேட்டைக் குழுக்களும் வந்து சேர்கின்றன. வேட்டை நடக்கும் பாதையின் முகப்பில் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அதைக் கண்டால் வேறு வழியில் போவதுதான் முறை. கோடையில் தீ அபாயம் உச்ச நிலைக்குப் போனால், கட்டலோனிய அரசு ‘ஆல்ஃபா’ திட்டத்தின் கீழ் இயற்கைப் பகுதிகளுக்குள் நுழைவதையே கட்டுப்படுத்தும். அறைக்குப் பணம் கட்டிவிட்டு ஊருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தால் அதுவும் ஒரு மறைசெலவுதான்.

மற்றபடி இங்கே பெரிய தொல்லைகள் இல்லை. காட்டுக்குள் குழாய் கிடையாது, ஆனால் கிராமங்கள் அருகருகே இருக்கின்றன. வண்டி பழுதானால் தார்ச்சாலை எட்டும் தொலைவில் இருக்கும். 40 மில்லிமீட்டர் டயர் போதும். நன்றாகக் காய்ந்த பருவத்தில் பாதையின் மேலே பரவிக் கிடக்கும் பருமணல் வளைவுகளில் சறுக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் சரி. ரயிலில் ஒரு சிக்கல்: ஸ்பெயினின் அதிவேக ரயிலில் சைக்கிளைக் கழற்றிப் பைக்குள் வைத்தால்தான் ஏற்றுவார்கள். முழு வண்டியோடு ஏற வேண்டுமானால், இரண்டு மடங்குக்கும் மேல் நேரமெடுக்கும் வட்டார ரயிலுக்குப் போக வேண்டும்.

உப்புப் பாதை: லிமோனேயிலிருந்து மொனேசி வரை

லிகூரியக் கடற்கரையிலிருந்து இத்தாலியின் உள்நாட்டுப் பகுதியான பியெமோந்தேவுக்குக் கோவேறு கழுதைகளில் உப்பு ஏற்றிச் சென்ற வழிகளின் நினைவாகவே இந்தப் பெயர். இப்போதுள்ள அகலமான பாதையை அமைத்தது இத்தாலிய ராணுவம். 1,871 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெந்தா கணவாயில் 1880களில் கட்டிய கோட்டைகள் இன்றும் கூரையிழந்து நிற்கின்றன. பிரான்ஸை எதிர்த்து இத்தாலி கட்டிய அந்தக் கோட்டைகள், 1947 ஒப்பந்தத்தில் எல்லை நகர்ந்ததால் பிரெஞ்சு மண்ணுக்குள் போய்விட்டன. பாதையும் அப்படித்தான், ஓரிடத்தில் இத்தாலி, சற்றுத் தூரத்தில் பிரான்ஸ், மறுபடியும் இத்தாலி என்று எல்லையைத் தாண்டித் தாண்டிச் செல்கிறது. காவல் சாவடி எதுவும் கிடையாது. இருந்தாலும் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

சரளைப் பகுதி ஏறத்தாழ 39 கிலோமீட்டர். நீளத்தைப் பார்த்து அரைநாள் வேலை என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. லிமோனே ஊர் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணவாய்க்கு ஏறுவதற்கே கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏற்றம். அதன்பின் பாதை 2,000 மீட்டருக்கு அருகிலேயே ஏறி இறங்கி, போவாரியா கணவாய்ப் பக்கம் 2,100ஐத் தொடுகிறது. அங்கே கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லாமல், கல்லடுக்கிக் கட்டிய அணைசுவர்மேல் பாதை கொண்டை ஊசியாக வளைந்து போகும். வெளி ஓரத்தில் வெறும் சரிவுதான். உயரத்தைக் கண்டால் தலைசுற்றுபவர்கள் இந்த இடத்தை முன்கூட்டியே படத்தில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மூன்று இடங்களில் தரை மிகக் கடுமையாக இருப்பது இங்கேதான். சுண்ணாம்புக்கல் உடையும்போது கூரான விளிம்போடு உடைகிறது. அது டயரின் மேல்பகுதியைவிடப் பக்கவாட்டைத்தான் கிழிக்கும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றிய சீலன்ட் என்ற அடைப்புத் திரவம், ஆணி குத்திய துளையை அடைத்துவிடும், ஒரு விரற்கடைக் கிழிசலை அடைக்காது. ஆகவே 45 மில்லிமீட்டருக்குக் குறையாத, பக்கவாட்டில் வலுவூட்டிய டயர், உள்ளே வைத்து ஒட்டுவதற்கு ஒரு துண்டு பழைய டயர், ஒரு உபரி டியூப் ஆகியவை இல்லாமல் கிளம்பக் கூடாது. 70 கிலோ எடையுள்ளவர் 30 பிஎஸ்ஐ அளவில் காற்று வைத்தால் அதிர்வும் குறையும், விளிம்பும் தரையில் இடிக்காது. பின்னால் கியர் மாற்றும் கருவியான டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் துண்டு பெரும்பாலும் வண்டிக்கு வண்டி வடிவம் மாறும்; அது உடைந்தால் மலைமேல் மட்டுமல்ல, கீழே ஊரிலும் அதே வடிவம் கிடைப்பது அரிது. பத்துப் பதினைந்து கிராம் எடைதான், பையில் கிடக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் இந்த மலை ஆளை ஏமாற்றும். மார்குவாரெய்ஸ் சிகரத்தைச் சூழ்ந்த இந்தப் பகுதி முழுவதும் சுண்ணாம்பு மலை. பெய்யும் மழையும் உருகும் பனியும் பிளவுகள் வழியே உடனே உள்ளே இறங்கிவிடுகின்றன. காலுக்குக் கீழே பெரும் குகைகளில் நீர் ஓடும், மேலே ஓர் ஓடை இருக்காது. இடையில் 2,079 மீட்டர் உயரத்தில் உள்ள தோன் பார்பெரா மலைவிடுதிதான் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் படுக்கைக்கும் நம்பத்தகுந்த ஒரே இடம். கணவாயிலிருந்து அதுவரை ஆளுக்குக் குறைந்தது இரண்டரை லிட்டர் எடுத்துச் செல்ல வேண்டும். விடுதியில் இரவுச் சாப்பாட்டோடும் காலை உணவோடும் சேர்த்துத்தான் படுக்கைக்குக் கட்டணம் வாங்குவார்கள். சைவமாக இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சோளமாவுக் களியும் பாலாடைக்கட்டியுமாவது கிடைக்கும்.

அமைதியைப் பொறுத்தவரை கிழமைதான் எல்லாம். கார், மோட்டார் சைக்கிள்களுக்குச் சுங்கக் கட்டணமும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் வைத்திருக்கிறார்கள். அண்மைக் கால விதிப்படி செவ்வாயும் வியாழனும் அவற்றுக்கு வழி அடைப்பு. மற்ற நாட்களிலும் இரவில் ஓட அனுமதி இல்லை. ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமையில் ஜீப்புகள் கிளப்பும் சுண்ணாம்புத் தூசியைத் தின்றுகொண்டு மிதிப்பதும், செவ்வாய்க்கிழமை காலையில் மலை அணில் இனமான மர்மோட்டுகளின் சீழ்க்கையைக் கேட்டுக்கொண்டு மிதிப்பதும் இரண்டு வெவ்வேறு பயணங்கள். கால அட்டவணை ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் ஆண்டின் விதியைப் பார்த்துவிட்டு ரயில் சீட்டு எடுங்கள்.

இந்த மலையில் கவனிக்க வேண்டிய உயிர் மர்மோட் அல்ல, காவல் நாய். 1992இல் பக்கத்து மெர்காந்தூர் மலையில் ஓநாய்கள் மீண்டும் தென்பட்டதிலிருந்து, ஆட்டுமந்தையோடு பெரிய வெள்ளை நாய்களையும் மேய்ப்பர்கள் விட்டு வைக்கிறார்கள். மந்தை தெரிந்ததும் சைக்கிளிலிருந்து இறங்கிவிட வேண்டும். வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசியபடி, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து கடக்க வேண்டும். கல்லெடுப்பதும் வேகமாக மிதித்துத் தப்பப் பார்ப்பதும் நாயின் கண்ணில் உங்களை ஓநாயாக்கிவிடும். மந்தை பாதையை அடைத்துக்கொண்டிருந்தால் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வானிலையையும் சொல்லியாக வேண்டும். நேர்கோட்டுத் தொலைவில் கடல் மிக அருகில் இருப்பதால் ஈரக்காற்று சரிவில் ஏறி, நண்பகலுக்குப் பின் முகடுகளில் மூடுபனியாகப் படர்கிறது. கோடையில் அது இடியாகவும் மாறும். பிற்பகல் இரண்டு மணிக்குள் விடுதி சேரும்படி விடியலிலேயே கிளம்புவது நல்லது. பாதை பொதுவாக ஜூன் பிற்பகுதியிலோ ஜூலையிலோ திறந்து அக்டோபர் நடுவில் முடியும். மீதி மாதங்களில் பனி.

கேட்பதற்கு இவ்வளவு கடுமையாக இருந்தாலும், மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பாதைதான். காரணம், அது முடியும் இடம். பாதையின் மறுமுனையான மொனேசிப் பக்கம் வந்தபின் லிகூரியாவின் மிக உயர்ந்த சிகரமான சக்காரெல்லோவின் தோளைச் சுற்றி, லார்ச் காடுகளைத் தாண்டி, காட்டுப்பாதைகளிலும் கிராமச் சாலைகளிலும் இறங்கி வெந்திமிலியாவில் கடலைத் தொடலாம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். வெந்திமிலியாவிலிருந்து லிமோனே வழியாகக் கூனேயோ போகும் ரயில் அதே மலையைக் குடைந்து ஏறுகிறது. இரண்டாம் உலகப் போரில் சிதைந்து 1979இல்தான் மறுபடியும் ஓடத் தொடங்கிய தடம் அது. காரை லிமோனேயில் விட்டிருந்தால் அந்த ரயிலே உங்களைத் திரும்பக் கொண்டுபோய் விடும். ரயில்கள் அடிக்கடி கிடையாது, ஒவ்வொன்றிலும் சைக்கிளுக்கு உள்ள இடமும் சொற்பம். இந்த நீண்ட இறக்கத்தில் பாரம் ஏற்றிய வண்டியின் டிஸ்க் பிரேக் கட்டைகள் கரைந்துவிடும் என்பதால் ஒரு ஜோடி புதிய கட்டைகளையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்புஹாரா: மேலும் கீழுமாக இரண்டு மலைகள்

முலாசென் சிகரம் ஏறத்தாழ 3,480 மீட்டர். ஸ்பெயினின் பெருநிலப்பரப்பில் இதைவிட உயரம் இல்லை. அதன் தெற்குச் சரிவில் பம்பநெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா, த்ரெவேலெஸ் என்று வெள்ளையடித்த தட்டைக்கூரை ஊர்கள் 1,000 முதல் 1,500 மீட்டர் உயரம் வரை அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்கு மேலே காட்டு இலாகாவின் அகலமான சரளைப் பாதைகள். அவற்றுக்குக் கீழே, பள்ளத்தாக்கைத் தாண்டிக் கடல் பக்கமாக, கொந்த்ராவியேசா என்ற தாழ்ந்த தொடர். பாதாமும் அத்தியும் திராட்சையும் விளையும் வறண்ட மலை அது. அதன் முகட்டில் மிதிக்கும்போது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பனி மூடிய சிகரங்களும் தெரியும்.

பருவத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாத நிலையில் இந்த இரட்டை அமைப்பு கைகொடுக்கும். அக்டோபரிலிருந்து மே வரை கொந்த்ராவியேசாவில் ஓட்டலாம், பிப்ரவரியில் போனால் பாதாம் பூத்திருக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் கீழே அனல். அப்போது மேலே 1,800 மீட்டருக்கு ஏறிவிடலாம். கப்பிலெய்ராவிலிருந்து வெலேத்தா சிகரத்தை நோக்கி ஏறும் பழைய சாலையில், 1999இல் தேசியப் பூங்கா அமைந்தபின் தனியார் வண்டிகளுக்கு இடமில்லை. அது 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. ஜூன் மாதத்திலும் பனித்திட்டுகள் குறுக்கே கிடக்கக்கூடும். அந்த உயரத்தில் மூச்சு பழகாதவர்கள் முதல்நாளே அதில் இறங்க வேண்டாம். நீண்ட தொலைவை விரும்புபவர்களுக்குச் சியெரா நெவாதாவை முழுக்கச் சுற்றிவரும் ‘த்ரான்ஸ்நெவாதா’ வழி சுமார் 450 கிலோமீட்டர் கொண்டது. 2020இல் தொடங்கிய ‘பேட்லேண்ட்ஸ்’ நெடும்போட்டியும் அதன் முதல் ஆண்டுகளில் கிரனாதாவில் கிளம்பி, பாலைகளையும் காபோ தெ கதா கடற்கரையையும் சுற்றி, கப்பிலெய்ராவில்தான் முடிந்தது.

தண்ணீர், மேல்சரிவில் தாராளம். அரபு ஆட்சிக் காலத்திலிருந்து பராமரித்து வரும் வாய்க்கால்கள் பனிநீரைச் சரிவின் குறுக்கே கொண்டுவந்து, வேண்டுமென்றே மண்ணுக்குள் இறங்க விடுகின்றன. அது கீழே ஊற்றாக எழுந்து ஊர்க் குழாய்களில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் ஏரிப்பாசனக்காரர்கள் பார்த்தால் ரசிப்பார்கள். கீழ்த்தொடரிலோ நிலைமை நேர்மாறு. கிழக்கே போகப் போக வறட்சி கூடும். காபோ தெ கதாவில் ஆண்டு மழையே 200 மில்லிமீட்டரைத் தொடாது. வரைபடத்தில் பாதைபோலத் தெரிவது சில இடங்களில் காய்ந்த ஆற்றுப்படுகை; மணல் ஆழத்தில் சக்கரம் புதையும், மேலே மழை பெய்தால் வெள்ளம் திடீரென வரும். மேகம் கறுத்தால் உள்ளே இறங்கவே கூடாது.

மறைசெலவு என்று பார்த்தால் இங்கே முக்கியமானது நாட்கள்தாம். அல்புஹாராவுக்கு ரயில் கிடையாது. மாலகாவில் விமானம் இறங்கி, கிரனாதா போய், அங்கிருந்து மலைப்பேருந்து ஏற வேண்டும். சைக்கிளைப் பேருந்தின் அடியில் வைக்க முடியுமா என்பது அன்றைய இடவசதியைப் பொறுத்தது. கார் வாடகைக்கு எடுத்தால் ஊரில் நின்றபடியே அதற்கு நாள் வாடகை ஓடும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கழித்தால் ஒரு வார விடுப்பில் ஐந்து நாள்தான் மிதிக்கக் கிடைக்கும். தங்குமிடமும் சாப்பாடும் ஜிரோனாவைவிடச் சிக்கனம். ஆனால் த்ரெவேலெஸ் பன்றித்தொடை இறைச்சிக்குப் பேர்போன ஊர். சைவர்கள் முட்டை, உருளைக்கிழங்கு, தக்காளி ரொட்டியோடு சமாளிக்க வேண்டியிருக்கும்.

மயோர்கா ஏன் இந்தப் பட்டியலில் இல்லை

ஸ்பெயினின் மயோர்கா தீவில் உள்ள த்ராமுன்தானா மலை 2011இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது, தார்ச்சாலைச் சைக்கிளுக்கு அதைவிட நல்ல தீவு கிடைப்பது கடினம். ஆனால் அந்த மலையின் பெரும்பகுதி தனியார் பண்ணை நிலம். நல்ல சரளைப் பாதை போலத் தொடங்கி, பூட்டிய இரும்புக் கதவில் முடிவது அங்கே வழக்கம். பொதுவழிகளில் பலவும் கல்லடுக்கிய நடைபாதைகள், படிகளும் உண்டு. மெல்லிய டயர் வண்டியோடு போங்கள், கிராவலுக்கு வேண்டாம்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஜிரோனா | உப்புப் பாதை | அல்புஹாரா |
|---|---|---|---|
| உகந்த மாதங்கள் | மார்ச்–மே, அக்டோபர்–நவம்பர். குளிர்காலமும் ஆகும் | ஜூலை–செப்டம்பர் | கீழே அக்டோபர்–மே, மேலே ஜூலை–செப்டம்பர் |
| டயர் | 40 மி.மீ. | 45–50 மி.மீ., வலுவான பக்கவாட்டு | 45 மி.மீ. |
| தவிர்க்க வேண்டியவை | போட்டி வாரம், வேட்டைக்கால வார இறுதி, தீ அபாய நாட்கள் | ஆகஸ்ட் வார இறுதி | கோடையில் கீழ்த்தொடர், மழையில் ஆற்றுப்படுகை |
| தண்ணீர் | கிராமந்தோறும் | ஒரே விடுதி | மேலே தாராளம், கீழே அரிது |
| பழுதானால் | அருகில் தார்ச்சாலை | பல மணி நேர நடை | ஊருக்கு இறங்கலாம், கடை தொலைவு |
| முக்கிய மறைசெலவு | வாடகை வண்டி, பருவகால அறை வாடகை | பிரேக் கட்டை, டயர், காப்பீடு | பயணத்தில் போகும் நாட்கள், வாடகைக் கார் |

யாருக்கு எது

முதன்முறையாக மலையில் கிராவல் ஓட்டுபவர்கள், மூன்று நான்கு நாள் மட்டும் கையில் இருப்பவர்கள், மிதிக்காத துணைவரோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் யோசிக்காமல் ஜிரோனாவைத் தேர்ந்தெடுக்கலாம். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை விடுப்பு என்றால், மிதிப்பவரின் அனுபவம் எதுவானாலும், போட்டி ஜிரோனாவுக்கும் கொந்த்ராவியேசாவுக்கும் இடையில்தான். கூட்டம் பிடிக்காது, கார் ஓட்டத் தயக்கமில்லை என்பவர்களுக்குக் கொந்த்ராவியேசா பொருந்தும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை என்றால் உப்புப் பாதை. அதற்கு இரண்டு நிபந்தனைகள் வைப்பேன்: தனியாகப் போகக் கூடாது, தம் வண்டியின் டயரையும் சங்கிலியையும் தாமே சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அதே மாதங்களில் அல்புஹாராவின் மேல்பாதைகளுக்குப் போகலாம். அங்கே எந்த இடத்திலிருந்தும் ஓர் ஊரை நோக்கிக் கீழே உருண்டு வந்துவிட முடியும். மே இறுதியும் ஜூனும்தான் சங்கடமான வாரங்கள்: முகடுகளில் பனி போயிருக்காது, கடலோரத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அப்போது அல்புஹாராவின் நடுச்சரிவில் 1,200 முதல் 1,800 மீட்டருக்குள் வட்டமடிப்பது பாதுகாப்பான தேர்வு.

சொந்த வண்டியா, வாடகையா

ஜிரோனாவில் வாடகை எடுப்பதே புத்திசாலித்தனம். சைக்கிளுக்கான விமானக் கட்டணம், பெட்டி, கழற்றி மாட்டும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் நான்கைந்து நாளுக்கு வாடகை மிச்சமாகவே முடியும், அங்கே கிடைக்கும் வண்டிகளும் தரமானவை. உப்புப் பாதைக்குச் சொந்த வண்டிதான் சரி, பழகிய பிரேக்கும் பழகிய இருக்கையும் அந்த இறக்கத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். வாடகை வண்டி என்றால் ஹேங்கர் துண்டையும் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் கியரைப் பாருங்கள். முன்னால் 40 பல், பின்னால் 44 பல் என்பது பையில்லாத வண்டிக்குப் போதும். பாரம் ஏற்றினால் இன்னும் தாழ்ந்த கியர் வேண்டும். ஸ்பெயினில் ஊர் எல்லைக்கு வெளியே தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். காப்பீட்டில் மலை மீட்புச் செலவு அடங்குமா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மூன்று இடங்களிலும் அவசர எண் 112.

உப்புப் பாதை என்று முடிவானால் பதிவு செய்யும் வரிசை முக்கியம்: வண்டிகளுக்கு வழி அடைத்திருக்கும் கிழமையைப் பார்த்து, அந்த இரவுக்குத் தோன் பார்பெராவில் படுக்கை கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். படுக்கை உறுதியான பிறகுதான் ரயிலும் விமானமும்.